இரட்டை ரீடு ஆர்மோனியம்: லூப் திரும்பும் இடத்தில் ஒலி குழிகிறது

இரட்டை ரீடு ஆர்மோனியத்தை (ஒரு கீக்கு இரண்டு உலோக நாக்குகள் சேர்ந்து ஒலிப்பது) பதிந்து, ஹார்டுவேர் சாம்ப்ளரில் (பதிந்த ஒலிகளை நோட்டுகளாக ஒலிக்கவைக்கும் சாதனம்) வாசிக்கும் கருவியாக அமைத்துக்கொண்டிருக்கிறேன். கீயைப் பிடித்தே வைத்திருந்தால், லூப் (பதிவின் ஒரு பகுதி திரும்பத் திரும்ப ஓடுவது) திரும்பும்போது ஒலி ஒரு கணம் தணிந்து எழுகிறது. கிளிக் இல்லை, அந்தக் குழி மட்டும்தான்.

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. 3 செமிடோனுக்கு ஒரு சாம்பிள் (சி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ), ஒவ்வொன்றும் 6 நொடி. லூப் 2ஆம் நொடியில் தொடங்குகிறது. ரூட் நோட் (சாம்பிளின் மூலச் சுருதி), கீ எல்லை எல்லாம் சரி. ஏ4-க்கு மேலேதான் ரொம்ப மோசம்.

ஜீரோ கிராசிங்கில் (அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடம்) வெட்டியதில் கிளிக் போனது, குழி போகவில்லை. கிராஸ்ஃபேடை (லூப்பின் முடிவையும் தொடக்கத்தையும் கலப்பது) 50 மில்லிநொடியிலிருந்து 300 வரை நீட்டினால், ஃபேஸ் பொருந்தாத அலைகள் ஒன்றையொன்று தின்று குழி இன்னும் அகலமாகிறது. கலக்கும்போது ஒலியின் சக்தியைச் சமமாக வைக்க முயலும் ஈக்வல் பவர் வளைவிலும் இதே கதை. ஒற்றைச் சுழற்சி லூப் உதவாது: 440 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 100.23 புள்ளிகள், 100-இல் வெட்டினால் 441 ஹெர்ட்ஸாகி ஏறத்தாழ 4 சென்ட் (ஒரு சென்ட் என்பது செமிடோனில் நூறில் ஒரு பங்கு) ஏறிவிடும். ரீடுகளின் அசைவும் செத்துப்போகும், அப்புறம் அது ஆர்மோனியமே இல்லை. பீட் (இரண்டு ரீடுகளின் சிறு சுருதி வேறுபாட்டால் ஒலி ஏறி இறங்குவது) இடைவெளியின் முழு மடங்காக லூப் வைத்ததில் கொஞ்சம் பலன். ஆனால் துருத்தி அழுத்தம் லேசாக மாறினாலும் பீட் வேகம் மாறுவதால், எல்லா நோட்டிலும் பொருந்தவில்லை.

ஒற்றை ரீடாகப் பதிந்து, சில சென்ட் விலக்கி இரண்டு லேயராக வைக்கலாம்தான். பாலிஃபோனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய நோட்டுகளின் எண்ணிக்கை) பாதியாகிவிடும் என்பதால் அது வேண்டாம்.

லேயர் பிரிக்காமல், ஒரே சாம்பிளில் இந்தக் குழி வராதபடி லூப் புள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?