வௌவால் எச்சம் போட்டதும் மிளகாய்ச் செடி கருகுகிறது

செந்தூல் மாடித்தோட்டம்:
வணக்கம். ஏழாவது மாடி பிளாட், வராந்தாவில் மிளகாய், வெண்டை, கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். போன வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வௌவால் எச்ச உரம் ஒரு கிலோ வாங்கினேன். விற்றவர், ஆட்டெரு மாதிரிதான், தாராளமாகப் போடுங்கள் என்றார். மிளகாய்த் தொட்டிக்கு ஒரு கைப்பிடி போட்டேன். நாலே நாளில் இலை நுனியெல்லாம் காப்பி நிறத்தில் சுருண்டுவிட்டது. சித்தியவான் அத்தை கொடுத்த விதை, கையில் வேறு இல்லை. காப்பாற்ற வழி உண்டா?

கோம்பாக் அண்ணன்:
பயப்படாதீர்கள் தங்கச்சி. தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போங்கள். மேலே கிடக்கும் தூளைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, அடித்துளையில் தண்ணீர் தெளிவாக வடியும்வரை ஊற்றுங்கள். அரை மணி கழித்து இன்னொரு தடவை. கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, துளிரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு எந்த உரமும் வேண்டாம்.

ஆட்டெரு கதையே வேறு. பூச்சி தின்னும் வௌவாலின் புது எச்சத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். அதன் அம்மோனியாவும் உப்பும்தான் வேரைச் சுட்டிருக்கும். குகையில் வருடக்கணக்கில் மக்கியது என்றால் தழைச்சத்து போய் மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிற்கும், அது வேருக்கும் பூவுக்கும் நல்லது. உங்களுடையது எது என்று பார்க்க, ஒரு சிட்டிகையை நனைத்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். பூச்சியின் ஓடும் இறகும் பொடிப்பொடியாக மினுங்கி, நெடியும் மூக்கைத் துளைத்தால் புதுசு.

நான் ஒரு மேசைக்கரண்டியை நாலு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, மாதம் ஒரு முறை மண்ணில் மட்டும் ஊற்றுகிறேன். கீரையின் மேல் தெளிக்கவே மாட்டேன்.

ஒன்று முக்கியம். காய்ந்த தூளை அப்படியே கொட்டாதீர்கள். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை அதில் இருக்கலாம், தூசியோடு உள்ளே போனால் நுரையீரலைப் பிடிக்கும். முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு தொடுங்கள்.

ரவாங் தம்பி:
அண்ணே, பத்துமலைக் குகையிலேயே கிடக்குமே, கொஞ்சம் அள்ளி வந்தால் என்ன?

கோம்பாக் அண்ணன்:
வேண்டாம் தம்பி. 1860களில் சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் அங்கே அள்ளியது உண்மைதான். ஆனால் இருட்டுக் குகைக்குள் செடி கொடி ஏது? புழு, கரப்பான் எல்லாவற்றுக்கும் அந்த எச்சம்தான் சோறு. அந்தப் பூச்சிகளைப் பிடித்துத் தின்று வாழும் சிலந்தி ஒன்றுக்கு அறிவியல் பெயரே பத்துமலையை வைத்துத்தான். அப்புறம், அங்கே தங்கும் தேன் வௌவால்கள் ராத்திரியில் டுரியான் பூவுக்கும் பெத்தாய் என்ற அவரை வகை மரத்தின் பூவுக்கும் பறந்து மகரந்தம் சேர்க்கின்றன. நாம் உள்ளே போய்க் கலைத்தால் டுரியான் காய்ப்புதான் அடிபடும்.

செந்தூல் மாடித்தோட்டம்:
பத்து நாள் ஆகிறது அண்ணே. தட்டில் பார்த்தபோது மினுமினு என்றிருந்தது, புதுசேதான். இரண்டு தடவை கழுவிவிட்டேன். நாலு இலை உதிர்ந்தது, இன்று காலை கணுவில் இரண்டு துளிர். வெண்டைக்கு ஊறல் தண்ணீர் அடுத்த மாதம்தான், சரியா?

கோம்பாக் அண்ணன்:
சரி. முதல் தடவை பாதி அளவு போதும்.