கோடைத் தோட்டத்தில் உங்களை இன்னும் உறுத்துவது எது? அனுபவப் பகிர்வு

மாடிவெயில்

40 கத்தரி நாற்று. அன்று காலைதான் குழித்தட்டிலிருந்து பைகளுக்கு மாற்றியிருந்தேன். பிற்பகல் 2 மணிக்கு எட்டிப் பார்த்தால் அத்தனையும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. பதறிப்போய்க் குழாயைத் திறந்தேன். காலையிலிருந்து வெயிலில் சுருண்டு கிடந்த கறுப்பு ரப்பர் குழாய். உள்ளே நின்ற தண்ணீர் என்ன சூட்டில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. முதல் வரிசையை முடித்து இரண்டாவதற்குத் திரும்பும்போது காலில் தெறித்தது. துள்ளிவிட்டேன்.

அப்போதுதான் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். 11 நாற்றுகள். மாலையில் தண்டைத் தொட்டால் வெந்த கீரைத்தண்டு போல விரலில் நசுங்குகிறது. மற்ற 29 நாற்றுகளும் மறுபடி ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலேயே 6 மணிக்கெல்லாம் தாமாக நிமிர்ந்துவிட்டன. சும்மா இருந்திருந்தால் நாற்பதும் பிழைத்திருக்கும்! இரண்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் குழாயைத் தொடும்போது கை தயங்குகிறது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். சொல்லுங்கள்.

கீரைப்பாத்தி

காலையில் நாற்றை மாற்றினீர்களா? கோடையில் அதை யார் காலையில் செய்வார்கள்? வெயில் சாய்ந்த பிறகு நட்டால் ஓர் இரவு முழுவதும் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். குழாய் இரண்டாவது தப்புதான், முதல் தப்பு அதற்கு ஆறு மணி நேரம் முன்பே நடந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, என் கதை. தக்காளிப் பை. தினமும் இரண்டு வேளை ஊற்றுவேன். அடித்துளை வழியாக வழியத் தொடங்கியதும், போதும் என்று நிறுத்திவிடுவேன். செடியோ நாளுக்கு நாள் வாடுகிறது. தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, பையைக் கவிழ்த்தேன். மண் ஒரே கட்டியாக விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே புழுதி. ஊதினால் பறக்கிற புழுதி. ஓரத்தில் ஒரு விரல் கனத்துக்கு ஈரம், அதற்கு உள்ளே பாலைவனம்.

கோகோபீட், அதாவது தேங்காய் நார்க்கழிவு, அதிகம் சேர்த்த கலவை அது. நார்க்கழிவு ஒரு முறை முழுதாகக் காய்ந்து சுருங்கிவிட்டால் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. ஓரத்து இடுக்கில் இறங்கி அடியில் ஓடிவிடும். மூன்று வாரமாக நான் பாசத்தோடு வளர்த்தது மாடித் தளத்தைத்தான்.

பூஉதிர்ந்தவன்

புலம்பத்தான் வந்திருக்கிறேன். என்னிடம் 9 தக்காளிச் செடிகள். கொத்துக் கொத்தாகப் பூ. வீட்டில் எல்லோரையும் மாடிக்கு அழைத்துக் காட்டியதுதான் நான் செய்த பிழை. மறுநாளிலிருந்து "எத்தனை காய்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

காய் ஏது? தினமும் காலையில் பூவைக் கூட்டி அள்ளுவதுதான் வேலை. ஒரு நாள் ஒரு கொத்தைச் சும்மா விரலால் தொட்டேன். ஐந்து பூக்கள் உள்ளங்கையில் விழுந்தன. காம்பின் நடுவில் முட்டி போல ஒரு கணு இருக்குமே, ஐந்தும் சரியாக அதே இடத்தில், பிளேடால் அறுத்தது போல. அந்தக் கணு மட்டும் மஞ்சள், மேலே காம்பு பச்சையாகவே இருந்தது. செடியே தீர்மானித்துக் கழற்றிவிட்டது என்று புரிந்தது. ஆனால் ஏன் என்று புரியவில்லை. உரம் போட்டேன். இலை மட்டும் யானைக்காது போல வளர்ந்தது.

பாட்டிதான் சொன்னார்: "ராத்திரியும் இப்படிப் புழுங்கினால் நமக்கே தூக்கம் இல்லையே, அதற்கு எப்படிக் காய் பிடிக்கும்?" வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு வெப்பமானியை வாங்கி மாட்டினேன். இரவு 11 மணிக்கு 29 டிகிரி! பகலில் 32 டிகிரிக்கு மேலும் இரவில் 24 டிகிரிக்கு மேலும் நாள்கணக்கில் நீடித்தால் தக்காளியின் மகரந்தம் செத்துவிடுகிறது என்று அப்புறம்தான் படித்தேன். பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அதற்குள் 6 செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். எறியாமல் விட்ட மூன்றும், மழை பெய்து இரவு குளிர்ந்த பத்தாம் நாள் காய் பிடித்தன.

மண்வெட்டி

எல்லோரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கும் அனுபவம் உண்டு: வெண்டை. மூன்று நாள் வெளியூர் போய்விட்டு வந்தேன், காயில் கத்தி இறங்கவில்லை. அவ்வளவுதான் கதை. விஷயத்துக்கு வருகிறேன்.

பிற்பகலில் செடி வாடுவது நோய் அல்ல. வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை ஆவியாக்குகிறது, அதனால் இலையைத் தொங்கவிட்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. மாலையில் நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள். மறுநாள் விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். கண்ணை நம்பாதீர்கள், மேல்மண் எப்போதும் பொய் சொல்லும்.

கீரைப்பாத்தி அம்மாவுக்கு: பையைக் கவிழ்த்திருக்க வேண்டாம். காய்ந்துபோன பையை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் அடியிலிருந்து ஏறி நடுப்பகுதி நனைந்துவிடும். அடுத்த முறை மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். கறுப்புப் பையாக இருந்தால் வெயில் படும் பக்கத்தில் ஒரு பழைய துணியையாவது சுற்றுங்கள், உள்ளே வேர் வேகாது.

நிழல்வலை கட்டுகிறவர்கள் 75 சதவீத வெயிலை மறைக்கும் வலையைக் கட்டிவிட்டுக் காய் இல்லை என்று அழாதீர்கள். காய்கறிக்கு 50 சதவீதமே அதிகபட்சம், 35 இருந்தால் இன்னும் நல்லது. அதையும் தலைக்கு நன்றாக மேலே கட்டுங்கள், காற்று ஓடட்டும். கடும் வெயிலில் உரம் போடாதீர்கள். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் உடனே முட்டை ஓட்டைத் தூளாக்கி ஓடாதீர்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும், ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் வறட்சி என்று ஊற்றுவதால் அது காய்க்குப் போய்ச் சேராது. முட்டை ஓடு மட்கிச் சத்தாவதற்குள் உங்கள் செடிக்கு ஆயுள் முடிந்துவிடும்.

முக்கியமான ஒன்று: பகலில் இலையில் தண்ணீர் படவே கூடாது. ஒவ்வொரு துளியும் ஒரு பூதக்கண்ணாடி, இலையைக் கருக்கிவிடும்.

எறும்புவரிசை

யாரும் ஆலோசனை கேட்கவில்லையே ஐயா? சரி, வாளி விஷயம் நல்லது, எடுத்துக்கொள்கிறேன்.

மிளகாய்ச் செடியில் மாவுப்பூச்சி. கணுவுக்குக் கணு பஞ்சை ஒட்டிவைத்தது போல இருந்தது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து அடித்தேன். லிட்டருக்கு 5 மில்லி போதும் என்பார்கள், கோபத்தில் கை தாராளமாகிவிட்டது. விடுமுறை நாள் என்பதால் காலை 11 மணிக்குத்தான் நேரம் கிடைத்தது. மாலையில் போய்ப் பார்த்தால் இலைகள் அனலில் காட்டிய காகிதம் போல ஓரம் சுருண்டு பழுப்பேறி நிற்கின்றன. ஓர் இலையைத் திருப்பினேன். அடியில் மாவுப்பூச்சிகள் சௌக்கியமாக இருந்தன. எறும்புகள் வழக்கம்போல வரிசையில் வந்து அவற்றின் தேன்கழிவை நக்கிக்கொண்டிருந்தன. அந்த வரிசையில் ஒரு சலசலப்புகூட இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஈரவிரல்

மண்வெட்டி ஐயா, எல்லாம் சரி, அந்தப் பூதக்கண்ணாடிக் கதை மட்டும் தப்பு. 2010-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மேப்பிள் மர இலையின் மேல் கண்ணாடிக் கோலிகளை வைத்தபோது இலை கருகியது. மேப்பிள், ஜின்கோ மர இலைகள் தண்ணீர்த் துளியால் கருகவில்லை. துளி தட்டையாகப் பரவி இலையோடு ஒட்டிவிடுவதால் ஒளி குவிகிற இடம் இலைக்குக் கீழே போய்விடுகிறது. எறும்புவரிசையின் இலையைச் சுட்டது எண்ணெய்ப் படலமும் வெயிலும் சேர்ந்துதான். சுத்தத் தண்ணீர் அப்பாவி.

மண்வெட்டி

அதே ஆய்வில் ரோமம் உள்ள இலையில் துளி மேலே தூக்கி நிறுத்தப்பட்டுக் கருகியதும் உண்டே தம்பி, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? தக்காளி இலையைத் தடவிப் பாருங்கள், வழுவழுவென்றா இருக்கிறது? நான் முப்பது கோடைகள் பார்த்தவன்.

ஈரவிரல்

அது நீரில் மிதக்கிற ஒரு பெரணி, சால்வினியா. அதன் ரோமத்துக்கு மெழுகுப் பூச்சு உண்டு, துளி பந்து மாதிரி நிற்கும். தக்காளி இலையில் துளி அப்படி நிற்பதை நீங்கள் பார்த்திருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள் ஐயா, ஒத்துக்கொள்கிறேன்.

சுரைக்கொடி

இரண்டு பேரும் மூச்சு விடுங்கள். நான் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன்.

சுரைக்கொடி பந்தல் முழுக்க ஓடிவிட்டது. பெண்பூ வருகிறது, அடியில் குட்டிச் சுரைக்காய் பூனைரோமத்தோடு அழகாக இருக்கிறது, நான்காம் நாள் மஞ்சளாகி விழுகிறது. கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும் என்று தெரியும். பூசணிக்குச் செய்து பழக்கம். தினமும் காலை 7 மணிக்கு ஆண்பூவைத் தேடிக்கொண்டு போவேன். எல்லாம் துவண்ட கைக்குட்டையாகத் தொங்கும். இந்தச் செடிக்குப் பூ விரியவே தெரியாது என்று கணவரிடம் சொன்னேன், அவரும் நம்பினார். 17 பிஞ்சுகள் போயின. எண்ணி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காய்ந்த துணியை எடுக்க மறந்து, இருட்டிய பிறகு மாடிக்குப் போனேன். பந்தல் முழுக்க வெள்ளை. கை அகலத்துக்கு விரிந்த பூக்கள், மேலே ஓர் அந்துப்பூச்சி தள்ளாடிக்கொண்டிருந்தது. துணிக்கூடையோடு அங்கேயே நின்றுவிட்டேன். சுரை சாயங்காலம் விரிகிற பூ! பூசணிதான் விடியலில் விரியும். கைபேசி வெளிச்சத்தில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்து எறிந்துவிட்டு, மூன்று பெண்பூக்களில் தடவினேன். மூன்றும் காய்த்தன. பீர்க்கும் மாலையில்தான் விரியும் என்பதையும் இதோடு தெரிந்துகொண்டேன்.

பாகற்பந்தல்

சுரைக்கொடி அக்கா, காய்த்ததில் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சமையுங்கள். சுரை கசந்தால் துப்பிவிட வேண்டும். கசப்பு உடம்புக்கு நல்லது என்று எங்கள் வீட்டில் ஒருவர் அரை டம்ளர் சாறு குடித்தார், ஒரு மணி நேரத்தில் வாந்தி நிற்கவில்லை, மருத்துவமனையில் இரண்டு நாள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சொந்த விதை எடுத்து வைக்கிறவர்கள் இன்னும் கவனம்.

என் உறுத்தல் வேறு. பாகலில் பழ ஈ. இனக்கவர்ச்சிப் பொறி வாங்கித் தொங்கவிட்டேன். ஒரு வாரம் ஆகியும் பொறி காலி. நிம்மதியாக இருந்தேன், ஈயே இல்லை என்று! அப்புறம் ஒரு பிஞ்சு பருவத்துக்கு முன்பே ஒரு பக்கம் மஞ்சளாக வளைந்தது. அறுத்தேன். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் புழு வில்லாக வளைந்து துள்ளி என் மணிக்கட்டில் விழுந்தது. நடக்கவில்லை, ஊரவில்லை. துள்ளியது. கத்தியை வீசிவிட்டேன். வாங்கியது மாமரத்து ஈக்கான பொறி, மீதைல் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்தது. பாகல், பீர்க்கு, வெள்ளரிக்கு வருகிற ஈ வேறு, அதற்குக் கியூ லூர் என்று தனியாகக் கேட்க வேண்டும். அதுவும் ஆண் ஈக்களைத்தான் இழுக்கும். இப்போது பிஞ்சிலேயே காகிதப் பை கட்டிவிடுகிறேன், அதுதான் நிம்மதி.

கீரைப்பாத்தி

ஆமாம், மாம்பழத்து ஈ வேறுதான்.

அணிலுக்கு மிச்சம்

சுருக்கமாக. பழுக்கட்டும் என்று விட்ட ஒவ்வொரு தக்காளியையும் அணில் ஒரே ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. முழுதாகத் தின்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். கோபத்தில், அடிப்பக்கம் லேசாக வெளுத்த காய்களை எல்லாம் பறித்துச் சமையலறை மூலையில் போட்டேன். ஐந்தாம் நாள் அவை சிவந்தன. மாடியில் தப்பிய நான்கும் மஞ்சளாகவே நின்றுவிட்டன. 30 டிகிரிக்கு மேல் போனால் அந்தச் சிவப்புச் சாயம் ஊறாதாம். விதை விற்றவரைத் தொலைபேசியில் திட்டிவிட்டேன், அவர் பாவம்.

மாடிவெயில்

கீரைப்பாத்தி கேட்டதற்கு: ஆம், காலையில்தான் மாற்றினேன். தப்புதான். வேலைக்குப் போகிற அவசரம்.

மிச்சம் 29 செடிகளும் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. குழாய் இப்போது படிக்கட்டுக்கு அடியில் நிழலில் கிடக்கிறது. அதுவும் போதாது என்று, முதல் நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்துவிட்டுத்தான் செடிக்குத் திருப்புகிறேன்.

இன்று காலை ஆறரை மணிக்குப் போனேன். மூன்று செடிகளில் நுனி மட்டும் தொங்குகிறது, கீழ் இலைகள் விறைப்பாக நிற்கின்றன. விரலை விட்டேன், மண் ஈரம். மண்வெட்டி ஐயா சொன்ன விடியற்கால வாட்டம். குழாயைத் தொடவில்லை. தொங்கிய நுனியைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன். உள்ளே தண்டு குடைந்து கிடந்தது, இளஞ்சிவப்பில் ஒரு புழு. மூன்றையும் வாட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மாலையில் மீதி 26-ஐயும் பார்க்க வேண்டும்.