கடைசி அறைக்கு வைஃபை: ரிப்பீட்டர் வைத்த அனுபவங்கள்

வீட்டின் ஒரு மூலைக்கு நெட் எட்டவில்லை என்று ரிப்பீட்டர் (ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) வாங்கி வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சுதான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வாரத்தில் மூன்று நாள் வீடியோ காலில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி தருபவர் 'ப' என்று உதட்டைச் சேர்த்துப் பிரித்துக் காட்டுவார், அம்மா அந்த உதட்டைப் பார்த்துத் தானும் சொல்ல வேண்டும். ரவுட்டர் இருப்பது முன்கூடத்தில், அம்மா இருப்பது பின்கோடி அறையில். சரியாக உதடு சேரும் நேரத்தில் படம் உறைந்துவிடும், குரல் மட்டும் பின்னால் வரும். அம்மா அந்த உறைந்த முகத்தைப் பார்த்து, தன் உதட்டையும் அப்படியே மூடிவைத்துக்கொண்டு, அது அசையட்டும் என்று காத்திருந்தார். அதைப் பார்த்த அன்றே ரிப்பீட்டருக்கு ஆர்டர் போட்டேன்.

கூடத்துக்கே அழைத்து வந்து உட்காரவைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாலு பேர் நடமாடும் இடத்தில் சொல் தடுக்கினால் அம்மாவுக்கு அழுகை வந்துவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டால்தான் வாய் திறக்கிறார். அதனால் நெட்தான் அவரிடம் போக வேண்டியிருந்தது.

இணைப்பது சுலபமாகத்தான் இருந்தது. ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தானை (பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க உதவுவது) அழுத்திவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் ரிப்பீட்டரிலும் அதே பொத்தானை அழுத்தினேன். விளக்கு பச்சையானது. சிக்னல் இல்லாதது அம்மா அறையில்தானே என்று, அவர் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்த பிளக் பாயிண்டிலேயே அதைச் செருகினேன். அம்மா வீடியோ கால் பேசும் டேப்பில் (டேப்லெட்) சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன. நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பயிற்சி முன்னைவிட மோசமாகப் போனது.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. டேப்பில் தெரியும் கோடுகள் டேப்புக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் உள்ள சிக்னலை மட்டும் காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. என் ரிப்பீட்டர் இருந்த இடத்தில் அதற்கே சரியாகக் காது கேட்கவில்லை. கேட்காத இடத்தில் உட்காரவைத்துவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல் என்றால் அது எதைச் சொல்லும்?

இதை உறுதிப்படுத்த நான் செய்தது பிங் சோதனை, அதாவது ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. வெளியில் உள்ள ஏதோ தளத்துக்கு இல்லை, என் ரவுட்டரின் சொந்த முகவரிக்கே, அதாவது 192.168.1.1-க்கு. (உங்கள் ரவுட்டரில் வேறு முகவரி இருக்கலாம், அதன் அடியில் ஒட்டிய சீட்டில் பார்க்கலாம்.) கூடத்தில் நின்று பார்த்தால் பதில் 3, 4 மில்லிவினாடியில் வந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் 280, 510, பிறகு பதிலே இல்லை, பிறகு 340. நெட் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை போட நினைத்திருந்தேன். வீட்டுக்குள்ளேயே அறுந்துபோவதை வைத்துக்கொண்டு வெளியில் யாரைக் குறை சொல்ல?

அடுத்து ரிப்பீட்டரை அணைத்துவிட்டு, சிக்னல் அளக்கும் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். எண்கள் கழித்தல் குறியோடு டிபிஎம் கணக்கில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. ரவுட்டர் பக்கத்தில் -42, நடைவழியின் தொடக்கத்தில் -58, இரும்பு அலமாரியைத் தாண்டியதும் -71, அம்மா கட்டிலில் -83. மூன்று எண் இறங்கினாலே சக்தி பாதியாகிறது. அப்படியென்றால் நடைவழிக்கு வந்த சிக்னலில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்குதான் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வீடியோ கால் நிற்காமல் ஓட -67 அளவாவது வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். -80-க்கு அப்பால் இணைந்திருப்பதே பெரிய காரியம்.

ரிப்பீட்டரை நடைவழி பிளக்குக்கு மாற்றினேன். அங்கே சுவரோரம் தரைமட்டத்தில் பிளக் இருந்ததால், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துத் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். தம்பியும் நானுமாக அலமாரியை எதிர்ச் சுவருக்குத் தள்ளினோம். இரும்பு அலைகளை உள்ளே விடாது, திருப்பி அடிக்கும். அத்தனை நாள் ரவுட்டருக்கும் அம்மாவுக்கும் குறுக்கே ஆள் உயர இரும்புத் தகட்டை நிறுத்தி வைத்திருந்திருக்கிறோம். இப்போது அம்மா கட்டிலிலிருந்து ரவுட்டருக்கு பிங் 8-லிருந்து 12-க்குள் வருகிறது.

வேகம் குறையத்தான் செய்கிறது. ரவுட்டர் பக்கத்தில் 90 எம்பிபிஎஸ் என்றால் அம்மா அறையில் 35, 40. ஒரே சேனலில், அதாவது ஒரே அலைத்தடத்தில், கேட்பதும் திருப்பிச் சொல்வதும் என்றால் பாதி நேரம் கேட்பதிலேயே போய்விடும், அது அந்தப் பெட்டியின் குற்றம் இல்லை. வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் நிதானமாக வந்தாலே தாராளம். எனக்கு வேண்டியிருந்தது அந்த நிதானம்தான்.

ஒரு தொல்லை மட்டும் மிச்சம் இருக்கிறது. கூடத்தில் சார்ஜ் போட்ட டேப்பை அம்மா அறைக்குக் கொண்டுபோனால், ரிப்பீட்டருக்கு மாறாமல் பழைய ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டுதான் வைத்திருக்கிறேன். இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

அக்கா, அம்மா சீக்கிரம் நன்றாகப் பேசட்டும். நீங்கள் கடைசியில் கேட்டதில் ஒரு வருஷம் அடிபட்டவன் நான், அதனால் சொல்கிறேன்.

எதைப் பிடிப்பது, எப்போது விடுவது என்று முடிவு செய்வது போனும் டேப்பும்தான். ரவுட்டரோ ரிப்பீட்டரோ இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும், கையிலிருக்கும் சிக்னல் ரொம்பவும் விழுந்த பிறகுதான் பல போன்கள் அடுத்ததைத் தேடவே தொடங்கும். இதற்கு உதவ 802.11கே, வி, ஆர் என்று மூன்று நெறிமுறைகள் இருக்கின்றன. மெஷ் என்று விற்கும் செட்டுகளில் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குபவை) இவை பெரும்பாலும் இருக்கும். விலை குறைந்த ரிப்பீட்டரில் எதிர்பார்க்க முடியாது.

எங்கள் வீட்டில் மாடிக்குப் போகும் அப்பாவின் போனில் இதே பாடுதான். படியில் ஏறும்போதே பேச்சு அறுந்துபோகும். கடைசியில் ரிப்பீட்டருக்குத் தனிப் பெயர் வைத்தேன். நடந்துகொண்டே பேசுகிற அப்பாவுக்கு அது பாதித் தீர்வுதான். ஆனால் உங்கள் விஷயம் வேறு. அந்த டேப் ஒரே அறையில் ஒரே வேலைக்கு இருக்கிறது. ரிப்பீட்டருக்குத் தனிப் பெயர் கொடுங்கள், டேப்பில் பழைய ரவுட்டரின் பெயரை மறக்கச் சொல்லிவிடுங்கள். தெரியாத இடத்தை அது பிடிக்கப் போவதில்லை. கூடத்தில் சார்ஜ் ஏறும்போதும் ரிப்பீட்டர் வழியாகவே போகும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

* * *

நான் ரிப்பீட்டர் வாங்கவில்லை. பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து, புது ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதில் செருகினேன். செருகியது லேன் துளையில், அதாவது வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளையில். கால் மணி நேரம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு வீட்டில் பாதிப் பேருக்கு நெட் இருக்கிறது, பாதிப் பேருக்கு இல்லை. என் லேப்டாப் ஓடுகிறது, மனைவியின் போன் ஓடவில்லை. அணைத்துப் போட்டால் மனைவிக்கு வருகிறது, எனக்குப் போய்விடுகிறது. அன்று அவளுக்கு வேலை நேர்காணல் வேறு. பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து முடித்துவிட்டு வந்தாள். அந்தச் சங்கடம் எனக்கு இன்னும் தீரவில்லை.

காரணம் இதுதான். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது டிஹெச்சிபி என்ற வேலை. அதைச் செய்ய ஒருவர் போதும். என் வீட்டில் இரண்டு ரவுட்டரும் கொடுத்துக்கொண்டிருந்தன. பழையதிடம் முகவரி வாங்கியவர்களுக்கு, 'வெளியே போகும் வாசல் நான்தான்' என்று அது தன்னையே காட்டியிருக்கிறது. அதற்கோ வெளி வாசலே கிடையாது.

பழைய ரவுட்டரை இப்படிப் பயன்படுத்த நினைப்பவர்கள், கேபிளைச் செருகும் முன்பே அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். அதன் முகவரியையும் மாற்றுங்கள். புதியது 192.168.1.1 என்றால் பழையதை 192.168.1.2 ஆக்கலாம், அந்த எண்ணைப் புதிய ரவுட்டர் வேறு யாருக்கும் கொடுக்காதபடி ஒதுக்கிவிட்டால் போதும். வெளி நெட் வந்து சேரும் வான் (WAN) துளையைத் தொடாமல் லேன் துளையிலேயே செருகுங்கள். சில ரவுட்டர்களில் 'அக்சஸ் பாயிண்ட்' (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தருவது மட்டும்) என்றே ஒரு முறை இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் இவ்வளவும் தானாக நடந்துவிடும். இந்த வழியில் வேகம் பாதியாகக் குறையாது, ரவுட்டருக்கு வரும் வழி கேபிளாயிற்றே.

* * *

சின்னதாக இரண்டு விஷயம்.

ஒன்று, ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினால் ரிப்பீட்டருக்கும் சொல்ல வேண்டும். நான் சொல்ல மறந்துவிட்டேன். ரிப்பீட்டர் தன் பெயரைக் காட்டிக்கொண்டேதான் இருந்தது, போனும் இணைந்தது, நெட் மட்டும் இல்லை. கருவி போய்விட்டது என்று நினைத்து ஒரு வாரம் கழற்றியே வைத்திருந்தேன். புது ரவுட்டர் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அதில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஎஸ் பொத்தான் வேலை செய்யாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள், அல்லது ரிப்பீட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய்க் கையாலேயே பாஸ்வேர்டு கொடுங்கள். பொத்தான் வேலை முடிந்ததும் ரவுட்டரில் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து வைப்பது நல்லது. அதன் எட்டு இலக்க பின் முறையை உடைக்க முடியும் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

இரண்டு, வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைத்திருந்தபோது எனக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை எல்லாம் அறுந்து, சில நிமிடம் கழித்துத் தானாக வரும். ரவுட்டர் 100-ஆம் சேனலில் இருந்தது. 52-லிருந்து 144 வரை உள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்தாக வேண்டும் என்பது விதி. ரவுட்டர் இடம் மாறினால் ரிப்பீட்டர் அதைத் தேடி அலையும். 44-இல் நிறுத்தினேன். அதற்குப் பிறகு அறுபடவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பவர்களுக்கு 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் எது காலியோ அது. நடுவில் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் காதில் விழும்.

* * *

மேலே கேபிள் இழுத்த நண்பர் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். ஒரு ரிப்பீட்டர் போதாமல் அதிலிருந்து இன்னொரு ரிப்பீட்டர் போட்டவன் நான். முதலாவதில் பாதியான வேகம் இரண்டாவதில் அதிலும் பாதியானது. பையனின் ஆன்லைன் வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டு முடித்து அடுத்த பிள்ளைக்குப் போன பிறகுதான் இவன் குரல் அங்கே போய்ச் சேரும். தெரிந்த பதிலையும் சொல்ல முடியாமல் முகம் வாடி உட்கார்ந்திருப்பான்.

முடிவில் சுவர் மேல் விளிம்போடு கேட்5இ கேபிள் ஓட்டி, மறுமுனையில் ஒரு அக்சஸ் பாயிண்ட். வீட்டுக்குள் தூரம் பற்றிக் கவலையே வேண்டாம், 100 மீட்டர் வரை போகும். ஒன்றே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை. கேபிளுக்குள் எட்டு இழை உண்டு, கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், நான்கு இழை மட்டும் சேர்ந்தால் 100-இல் நின்றுவிடும். பிளாஸ்டிக் முனையைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தேன். பழுப்பு நிற இழை முழுதாக உள்ளே போகாமல் நகக்கண் அளவு குட்டையாக நின்றது. முனையை வெட்டி எட்டையும் ஒரே நீளத்தில் நறுக்கி மறுபடி அடித்ததும் சரியாகிவிட்டது.

* * *

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முதலில் எழுதியவள்தான் மறுபடி வந்திருக்கிறேன்.

ரிப்பீட்டருக்குத் தனிப் பெயர் வைத்து, டேப்பில் பழைய பெயரை மறக்கடித்துவிட்டேன். இரண்டு வாரமாக அது கூடத்து ரவுட்டரைத் தேடவில்லை. சேனலையும் பார்த்தேன், 2.4-இல் ரவுட்டர் தானாகத் தேர்ந்த 9-இல் இருந்தது. 11-க்கு மாற்றிய பிறகு பிங் 5, 6-க்கு இறங்கியிருக்கிறது. கேபிள் இழுக்கச் சுவரில் துளை போட வேண்டும். அந்தச் சத்தம் இப்போது அம்மாவுக்கு ஆகாது, அதனால் அதைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

ஒரு நாள் மட்டும் கால் அறுந்தது. போய்ப் பார்த்தால், நடைவழியைப் பெருக்கும்போது தெரியாமல் யாரோ சுவிட்சைத் தட்டி அணைத்திருக்கிறார்கள். இப்போது சுவிட்சின் மேல் 'அம்மாவின் வகுப்பு, அணைக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதியது அம்மா, இடது கையால்.

'ப' வரிசை முடிந்து, போன வாரம் 'ம' தொடங்கியிருக்கிறார்கள். அதற்கும் உதட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.