எண்கோட்டில் அம்பு தலைகீழாகவே வருகிறது, எங்கே தப்பு?

மகனுக்கு அசமன்பாடு (எது பெரியது, எது சிறியது என்று <, > குறி போட்டு எழுதும் கணக்கு) சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நானே குழம்பிவிட்டேன். (தட்டச்சு வசதிக்காக மாறியை 'ய' என்று போடுகிறேன்.) குறியின் கூர்முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அம்பு போடு என்று சொன்னேன். ய < 5 சரியாக வந்தது. மற்ற மூன்றும் தப்பு:

5 > ய: வலப்பக்கம் வரைந்தோம். விடையில் இடப்பக்கம்.
"குறைந்தது 5 பேர் வேண்டும்": ய ≤ 5 என்று எழுதினோம்.
7 − 2ய ≥ 1: எங்களுக்கு ய ≥ 3. விடை ய ≤ 3.

பதில் 1:
அந்தக் குறுக்குவழி, மாறி இடப்பக்கம் இருந்தால்தான் பலிக்கும். 5 > ய என்றால் ய சிறியது. ய < 5 என்று திருப்பி எழுதிக்கொண்டு வரையுங்கள். கூர்முனை ய-வையே பார்க்க வேண்டும். 5 சேராது, அதனால் வெற்று வட்டம்.

இரண்டாவது தமிழ் செய்கிற குறும்பு. "5-க்குக் குறைவு" வேறு, "குறைந்தது 5" வேறு. 'குறை' என்று கண்ணில் பட்டதும் கை தானாக < போட்டுவிடும். 5 பேர் வந்தால் போதுமா? போதும். 6? சரி. 4? ஆகாது. ஆக ய ≥ 5. "5-க்கு மிகாமல்" என்றால்தான் ய ≤ 5.

பதில் 2:
மூன்றாவதில் −2ய ≥ −6 வரை சரியாக வந்திருப்பீர்கள். குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும். 2 < 3, ஆனால் −2 > −3 இல்லையா? 0-வைப் பிடித்துக்கொண்டு எண்கோட்டையே புரட்டிப் போட்ட மாதிரி.

மறந்துவிடும் என்றால் 2ய-வை வலப்பக்கம் கொண்டுபோங்கள்: 7 ≥ 1 + 2ய, 6 ≥ 2ய, 3 ≥ ய. குறியைத் திருப்பவே வேண்டாம். நான் எப்போதும் 0-வைப் போட்டுப் பார்ப்பேன்: 7 ≥ 1 சரிதான். அப்படியானால் 0 இருக்கும் இடது பக்கம்தான் அம்பு. ≤ குறியின் அடிக்கோடு 'சமமாகவும் இருக்கலாம்' என்பதற்கு. எனவே 3-இல் நிரப்பிய வட்டம்.

கேட்டவர்:
0 போட்டதும் பளிச்சென்று புரிந்தது, நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: 5 பேர் கணக்குக்கும் முழுக் கோடு வரையலாமா?

பதில் 1:
கூடாது. ஐந்தரைப் பேர் வர முடியாதே! 5, 6, 7 மேல் தனித்தனிப் புள்ளிகள் வைத்து, தொடர்கிறது என்று காட்ட வலப்பக்கம் மூன்று சிறு புள்ளிகள் போடுங்கள்.