எல்4-எல்5 நழுவல்: திருகாணி வைத்துப் பிணைப்பது அவசியமா?

வணக்கம். அம்மாவுக்கு வயது 63. கீழ் முதுகில் நான்காவது எலும்பு (எல்4) ஐந்தாவதின் (எல்5) மேல் முன்பக்கமாக நழுவியிருக்கிறது. கிரேடு 1, அதாவது நழுவல் கீழ் எலும்பின் முன்-பின் அகலத்தில் 25 சதவீதத்துக்குள்தான். முதுகுவலியைக்கூடத் தாங்கிக்கொள்கிறார். கொஞ்சம் நடந்தாலே இரண்டு கால்களும் கனத்து மரத்துப்போவதுதான் பெரும்பாடு. உட்கார்ந்தால் சரியாகிவிடும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி என்றால் வெகுதூரம் நடப்பார்! குனியும்போது நரம்புப் பாதை சற்று விரிகிறதாம்.

படுத்து எடுத்த எம்ஆர்ஐயில் நழுவல் அவ்வளவாகத் தெரியவில்லை. நின்றபடி முன்னும் பின்னும் வளைந்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் எலும்பு நகர்வது பிடிபட்டது.

பிசியோதெரபி, மாத்திரை, முதுகில் ஸ்டீராய்டு ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது இரண்டு டாக்டர்கள், இரண்டு பேச்சு. நரம்பை அழுத்தும் எலும்பையும் தடித்த தசைநாரையும் எடுத்தாலே போதும் என்கிறார் ஒருவர். எலும்பு அசைவதால் திருகாணியும் கேஜும் (எலும்புகளுக்கு நடுவே வைக்கும் சின்னத் தாங்கி) வைத்து இரண்டு எலும்பையும் பிணைத்தே ஆகவேண்டும் என்கிறார் மற்றவர். எனக்கும் இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஆனால் பிணைத்தபின் மேலே உள்ள மூட்டுக்குச் சுமை கூடும் என்கிறார்கள். அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி வேறு குறைவு. திருகாணி பிடித்து நிற்குமா?

இந்த வயதில் செய்துகொண்டவர்கள், வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். அடர்த்திக்கு முதலில் சிகிச்சை எடுத்துவிட்டு அப்புறம் ஆபரேஷனுக்குப் போனீர்களா? கால் மரப்பு எப்போது விட்டது? பிணைக்காமல் விட்டவர்களில் யாருக்காவது மறுபடி நழுவியதா?

சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, பாதம் தொங்குவது போன்ற அவசர அறிகுறி எதுவும் இல்லை. அதனால் முடிவெடுக்கக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.