'பிலிட்டில்' (belittle) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர்களுக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'பிள்ளைகளை பிலிட்டில் செய்யாதீர்கள்' என்ற இடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன்.

'லிட்டில்' என்பதன் முன் 'பி' சேர்த்து வினையாக்கிய சொல் இது. 1780களில், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் எழுத்தில்தான் முதலில் கிடைக்கிறது. அமெரிக்க விலங்குகள் ஐரோப்பிய விலங்குகளைவிடச் சிறியவை என்ற பிரெஞ்சு அறிஞர் பூஃபோனின் கருத்தை மறுத்தபோது எழுதியது. அன்று 'சிறிதாக்கு' என்று பொருள்; இன்று ஒருவரையோ அவர் உழைப்பையோ அற்பமாக்கிப் பேசுவது.

'அவமானப்படுத்து' அளவுக்கு மீறியது. 'கேலி செய்' என்றால் சிரிப்பு வேண்டும். 'சிறுமைப்படுத்து' பொருந்துகிறது, ஆனால் மேடைப்பேச்சு மாதிரி ஒலிக்கிறது.

என் மகள் முதன்முதலாகத் தானே சுட்ட தோசையைத் தட்டில் கொண்டுவந்து காட்டினாள். "இதென்ன பெரிய விஷயமா?" என்றார் ஒரு உறவினர். திட்டவில்லை, குரலும் உயரவில்லை. பிள்ளை தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். எனக்கு இந்தச் சொல்லின் பொருள் அதுதான்.

'மட்டம் தட்டாதீர்கள்' என்று எழுதலாமா? கையேட்டு நடைக்கு ஒத்துவருமா? உங்கள் ஊர்ப் பேச்சில் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தயவுசெய்து ஒரு எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.