திருவிருந்தில் ஒயின்: அண்ணனுக்காக ஓர் உதவி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எங்கள் அண்ணனுக்காகக் கேட்கிறேன். நாங்கள் பாளையங்கோட்டை பக்கம், சி.எஸ்.ஐ. சபை. அண்ணனுக்குப் பல வருடக் குடி. லெந்து நாட்களில் ஒரு ஜெபக்கூட்டத்தில் அழுது தன்னை ஒப்புக்கொடுத்தார். அன்றே நிறுத்துகிறேன் என்றவரை, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பியது எங்கள் குருவானவர்தான். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஜெபம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இப்போது தினமும் காலையில் ஜெபித்துவிட்டு குடியை விட உதவும் டைசல்ஃபிராம் மாத்திரை போடுகிறார். அதோடு கொஞ்சம் மது சேர்ந்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்துவிடும். எங்கள் ஆலயத்தில் திருவிருந்துக்கு ஒயின்தான். போன ஞாயிறு எல்லோரும் எழுந்து போக, அண்ணன் மட்டும் பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்தபடி பெஞ்சிலேயே இருந்தார். பார்க்கவே மனசு தாங்கவில்லை.

1869-லேயே அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட், திருவிருந்துக்காகவே புளிக்காத திராட்சைச் சாறு தயாரித்தார். அப்பம் மட்டும் பெற்றாலும் முழு நற்கருணைதான் என்கிறது கத்தோலிக்க சபை. உங்கள் சபையில் இப்படிப்பட்டவர்களுக்கு என்ன ஏற்பாடு? குருவானவரிடம் எப்படிப் பேசினீர்கள்?

அப்புறம், திருநெல்வேலி வட்டாரத்தில் குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் தமிழில் எங்கே, எந்தக் கிழமை நடக்கிறது? அண்ணனால் வேலை முடிந்து சாயங்காலம்தான் வர முடியும்.